பயிற்சி போதாமல் டிஸ்னி அரை மரதனுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மட்டக்களப்புக்கு வருகிறவர்களில், தை மாதம் புளோரிடாவில் நடக்கும் டிஸ்னி அரை மரதனுக்குப் பெயர் பதிந்துவிட்டு வருகிற சிலர் எப்போதும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள அண்ணனோ மச்சாளோ பதிந்துவிட்டதால் இங்கிருந்தே போகிறவர்களும் உண்டு. கல்லடிப் பக்கம் காலையில் ஓடுகிற என்னிடம் இவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி, பதிலையும் வைக்கிறேன்.

அரை மரதன் எண்டா எவ்வளவு தூரம்? டிஸ்னியில எங்கால ஓடுற?

21.0975 கிலோமீற்றர். மைல் கணக்கில் 13.1. 400 மீற்றர் ஓடுபாதையில் ஓடினால் 52 சுற்றுக்கு மேல் வரும்.

ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில் உள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டில் 1994 முதல் தை மாதத்தில் மரதன் நடக்கிறது. இப்போது அது நாலு நாள் நிகழ்வு: வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10 கி.மீ., சனி அரை மரதன், ஞாயிறு முழு மரதன். அரை மரதன் வழக்கமாக எப்கொட் பூங்காவின் அருகில் தொடங்கி, மஜிக் கிங்டம் போய், சின்ட்ரெல்லா கோட்டைக்குள்ளால் புகுந்து, திரும்ப எப்கொட்டுக்கு வரும். முழுக்கப் பூங்காவுக்குள்ளேயே ஓடுவோம் என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பகுதி அகலமான நெடுஞ்சாலை, அதிலும் முதல் பகுதி இருட்டில். ஓட்டத்துக்குக் கட்டிய பணத்தில் பூங்கா நுழைவுச்சீட்டு அடங்காது, அது தனி.

ஓடவே ஏலாது. முழுக்க நடந்து முடிக்கலாமா?

சாதாரண நடையில் முடியாது. ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்பது டிஸ்னி வைத்திருக்கிற கடைசி வேகம். கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 நிமிடம். மொத்தத்தில் 3 மணி 30 நிமிடம். நாம் வழக்கமாக நடப்பது மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில். அப்படி நடந்தால் 4 மணி 13 நிமிடம் எடுக்கும். அவசரமாக பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை மணிக்கு 6 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். அதை மூன்றரை மணிநேரம் நிற்காமல் நடக்கப் பழகியவர் நடந்தே முடிக்கலாம். ஆனால் அப்படிப் பழகினவர் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

அந்த மூன்றரை மணித்தியாலத்த எப்ப இருந்து எண்ணுறாங்க?

கடைசியாகப் புறப்படுகிறவர் தொடக்கக் கோட்டைக் கடக்கும் நேரத்திலிருந்து. ஆயிரக்கணக்கானவர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றாக விடுவார்கள். முன் தொகுதியில் இருப்பவருக்கு அந்த இடைவெளி முழுக்க லாபம். கடைசித் தொகுதியில் நிற்பவருக்கு எந்த லாபமும் இல்லை. ஆகவே உங்கள் தொகுதிக்குள்ளேயாவது முன்பக்கமாகப் போய் நில்லுங்கள். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இடைஞ்சல் தராமல் ஓரமாக நின்றால் சரி.

இன்னும் மூணு கிழமதான் கிடக்கு. இப்ப தொடங்கினா சரி வருமா?

இதுதான் எல்லோருடைய கேள்வியும். நேராகச் சொல்கிறேன்: மூன்று கிழமையில் உங்கள் நெஞ்சும் காலும் பெரிதாக மாறப்போவதில்லை. ஒரு பயிற்சியின் பலன் உடம்பில் தெரியவே பத்து நாள் முதல் இரண்டு கிழமை வரை எடுக்கும். ஆகவே கடைசிப் பத்து நாளில் நீங்கள் ஓடுகிற நீண்ட ஓட்டம் களைப்பை மட்டும் தரும், பலத்தைத் தராது. மாற்றக்கூடியது ஒன்றுதான்: இருக்கிற பலத்தை 21 கிலோமீற்றருக்கும் பங்கிட்டுச் செலவழிக்கிற விதம்.

இப்போது 5 கிலோமீற்றரை ஓடியும் நடந்தும் சிரமமில்லாமல் முடிக்கிறவர் என்றால், முதல் சனி ஞாயிறில் ஒரு நாள் 10 அல்லது 11 கிலோமீற்றர். அடுத்த வாரம் அதே நாளில் 14. இடையில் இரண்டு நாள் அரை மணிநேரம் மெதுவாக. மூன்றாவது கிழமை 4, 5 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டாம். அந்த 5 கிலோமீற்றரே கஷ்டம் என்றால் முதலில் 8, பிறகு 11, அவ்வளவுதான். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் 18 ஓடினவர்கள் முழங்கால் வலியோடு விமானம் ஏறுவார்கள். பயிற்சி குறைந்த கால் 21 கிலோமீற்றரைத் தாங்கிவிடக்கூடும். காயப்பட்ட கால் தாங்காது.

ஓட்டமும் நடையுமா போகச் சொல்றீங்க. களைச்சாப் பிறகு நடந்தாப் போதும்தானே?

போதாது. களைத்த பிறகு நடக்கத் தொடங்கினால் அதற்குப் பிறகு திரும்ப ஓட வராது. முதல் நிமிடத்திலிருந்தே, மூச்சு நன்றாக இருக்கும்போதே, நடையைச் சேர்க்கவேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கலோவே இந்த முறையைப் பரப்பினார். டிஸ்னி ஓட்டங்களுக்கான பயிற்சித் திட்டங்களும் அவர் வகுத்தவைதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நிமிடம் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் மணிக்கு ஐந்தரை கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால், முழுத் தூரமும் 3 மணி 20 நிமிடத்தில் முடியும். 30 விநாடி ஓட்டம், 30 விநாடி நடை என்றால் 3 மணி 8 நிமிடம் அளவில். முதலாவது உங்களுக்கு 10 நிமிடம் மிச்சம் தருகிறது, இரண்டாவது 20 நிமிடத்துக்கு மேல். இந்த மிச்சம் எவ்வளவு பெறுமதியானது என்பது மலசலகூட வரிசையில் நிற்கும்போது விளங்கும்.

முதல் 5 கிலோமீற்றரில் உங்களைத் தாண்டி நூற்றுக்கணக்கானவர்கள் போவார்கள். பாட்டு, வெளிச்சம், கைதட்டல் எல்லாம் சேர்ந்து உங்களையும் இழுக்கும். பயிற்சி குறைந்தவரைக் கவிழ்ப்பது அந்த இடம்தான், 18ஆவது கிலோமீற்றர் அல்ல. 18இல் தெரிவது 3இல் செய்ததன் விளைவு. கைக்கடிகாரத்தில் இடைவெளி ஒலியை வைத்துக்கொண்டு, அது சொன்னதும் நடங்கள். யார் என்ன நினைத்தாலும் நடங்கள்.

மழ விடுற மாதிரியே இல்ல. இஞ்ச எங்க ஓடுற?

மார்கழி நம்மூருக்கு மாரிக்காலம். வாடைக்காற்றோடு வருகிற மழையில் ஓடுவது ஆபத்தில்லை, இடிமின்னல் இல்லாவிட்டால். எனக்குப் பிடித்த இடம் கல்லடிப் பழைய பாலம். 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் எல்லாம் அதில்தான் போகின்றன. பழைய பாலத்தைக் கடந்து கல்லடிக் கடற்கரை வீதியால் போய்த் திரும்பினால் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஏற்றம் என்று சொல்ல நகரத்தில் ஒன்றும் இல்லை, பாலங்களில் உள்ள சிறு ஏற்றத்தைத் தவிர. புளோரிடாவும் தட்டையான ஊர்தான், ஆனால் டிஸ்னி பாதையின் பிற்பகுதியில் மேம்பாலச் சரிவுகள் வரும். களைத்த காலுக்கு அவை மலை மாதிரித் தெரியும். ஆகவே பாலத்தில் நாலைந்து முறை ஏறி இறங்குங்கள்.

கல்முனை வீதியில் விடியற்காலை இருட்டில் ஓடவேண்டாம். தூர இடத்து பஸ்கள் வருகிற நேரம் அது. ஓடியே ஆகவேண்டும் என்றால் வாகனம் எதிரே வருகிற பக்கமாக, வெளிர் நிறச் சட்டையோடு ஓடுங்கள். கடற்கரையில் தளர்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளம் தேங்கி நிற்கிற வீதியில் கால் வைக்கவேண்டாம், குறிப்பாகக் காலில் கொப்புளமோ கீறலோ இருந்தால். எலிக்காய்ச்சல் அந்த வழியால்தான் வருகிறது. பயிற்சி ஒரு நாள் தவறினால் தவறட்டும்.

அங்க குளிராமே? வேர்வையில ஓடிப் பழகின நாங்க என்ன செய்ற?

ஒர்லாண்டோவில் தை மாத விடியற்காலை ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வருடம் 5 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும், இன்னொரு வருடம் 20 பாகையும் புழுக்கமுமாக இருக்கும். 2017இல் இடிமின்னல் காரணமாக அரை மரதனையே ரத்துச் செய்தார்கள். குளிர் நம்மவர்களுக்கு ஓடும்போது உதவிதான். வெப்பத்தைவிடக் குளிரில் நெஞ்சு குறைவாக அடிக்கும். கஷ்டம் ஓடுவதில் இல்லை, ஓடத் தொடங்கும் வரை காத்து நிற்பதில். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், புறப்படும்போது கழற்றி விடுங்கள். ஓடும் உடுப்பு மெல்லியதாகவே இருக்கட்டும்.

உகந்தையால காட்டுக்குள்ள நடந்து கதிர்காமம் போன ஆள் நான். எனக்கு இது ஒரு விசயமா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பாதயாத்திரை போனவருக்கு மற்றவர்களிடம் இல்லாத மூன்று விசயங்கள் இருக்கின்றன. காலில் நீண்ட நேரம் நிற்கத் தெரியும். கொப்புளம் வரும் இடம் எது என்று தன் பாதத்தைப் பற்றித் தெரியும். முதல் வலி வந்ததும் பயப்படாமல், அது சில நேரத்தில் அடங்கும் என்று தெரியும். குமுக்கன் ஆற்றையும் யாலக் காட்டையும் கடந்து நாள் கணக்கில் நடந்தவரின் மனம், 15ஆவது கிலோமீற்றரில் உடையாது.

ஆனால் யாத்திரையில் மரநிழலில் படுத்து எழும்பலாம். இங்கே கடிகாரம் நிற்காது. மேலே சொன்ன கிலோமீற்றருக்கு 10 நிமிடம் என்பது யாத்திரை நடையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். அதோடு ஆடியில் நடந்த பலம் தை மாதம் வரை இருக்காது. ஆறு மாதம் சும்மா இருந்தால் உடம்பு மறந்துவிடும். இரண்டு நீண்ட பயிற்சியை நீங்களும் செய்யத்தான் வேண்டும்.

மச்சான் அங்க புதுச் சப்பாத்து வாங்கி வெச்சிருக்கார். போய்ப் போட்டுக்கலாமா?

வேண்டாம். பழகிய பழைய சப்பாத்தைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள்; பெட்டியில் போட்டால் பெட்டி தவறினால் அதுவும் தவறிவிடும். பருத்திச் சொக்ஸ் ஈரத்தைப் பிடித்துக் கொப்புளம் ஆக்கும், ஓட்டத்துக்கென்று விற்கும் சொக்ஸ் நல்லது. தொடை உரசும் இடம், அக்குள், ஆண்களுக்கு மார்புக்காம்பு ஆகிய இடங்களில் வாஸ்லீன் தாராளமாகத் தடவுங்கள். இளவரசி உடையோ வேறு வேடமோ போடுவதென்றால், அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளாவது 8 கிலோமீற்றர் ஓடிப் பார்த்துவிடுங்கள். வீதியில் பார்க்கிறார்கள் என்று வெட்கமாக இருந்தால், உடையின் உள்பக்கத் தையல் உரசும் இடங்களுக்காவது பட்டி ஒட்டுங்கள்.

என்ன சாப்பிடலாம்? இளநீ குடிச்சாப் போதுமா?

முதல் நாள் இரவு சோறு அல்லது பிட்டு, அதிகம் உறைப்பில்லாத கறி. எருமைத் தயிரும் பருப்பும் கூடுதலாக வேண்டாம், வயிறு பொருமும். ஓட்டத்துக்கு இரண்டு மணிநேரத்துக்கு முன் பாணும் ஜாமும், ஒரு வாழைப்பழம். பயிற்சி நாட்களில் எதைச் சாப்பிட்டீர்களோ அதையே அங்கும் சாப்பிடுங்கள்.

மூன்று மணிநேரத்துக்கு மேல் நடப்பதால் இடையில் இனிப்பு வேண்டும்: 40 நிமிடத்துக்கு ஒரு முறை ஜெல் (ஓட்டக்காரர்கள் உறிஞ்சும் இனிப்புக் கூழ்) அல்லது இரண்டு பேரீச்சம்பழம். பாதையில் தண்ணீரும் உப்பு இனிப்புக் கலந்த பானமும் தருவார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அளவுக்கு மேல் வேண்டாம். மெதுவாகப் போகிறவர்கள் ஒவ்வொரு மேசையிலும் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரலாம். இது தண்ணீர் போதாமல் வரும் மயக்கத்தைவிட ஆபத்தானது. பயிற்சிக்குப் பிறகு இங்கே இளநீரோ ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசலோ நல்லது.

காலம 5 மணிக்கு ஓட்டமாம். எத்தன மணிக்கு எழும்புற?

அதிகாலை 2 மணிக்கு. டிஸ்னி ஹோட்டல்களிலிருந்து ஓட்டக்காரர்களை ஏற்றும் பஸ்கள் அதற்குச் சிறிது நேரத்தில் புறப்படத் தொடங்கும். இறங்கிய பிறகு தொகுதிக்குப் போகவும் நல்ல நடை இருக்கிறது. அங்கே போய் நிற்காமல் நிலத்தில் உட்காருங்கள்.

மட்டக்களப்பிலிருந்து நேரே போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஒர்லாண்டோ நமக்கு பத்தரை மணிநேரம் பின்னால். அங்கே காலை 5 என்றால் இங்கே பிற்பகல் 3.30. போன புதிதில் நடுச்சாமத்தில் தானாகவே முழிப்பு வரும். இந்த ஓட்டத்துக்கு அது வசதிதான், நேரத்தை மாற்றிக்கொள்ளப் பாடுபடவேண்டாம். மாலையில் கண் சொக்கும்போது படுத்துவிடுங்கள்.

மிக்கி மவுஸோட படம் எடுக்காட்டி எதுக்கு இவ்வளவு தூரம் போற?

எடுங்கள். ஆனால் வரிசையைப் பார்த்து எடுங்கள். பாதையோரம் கதாபாத்திரங்கள் நிற்கும் இடத்தில் சில வேளை பத்து நிமிடத்துக்கு மேல் வரிசை இருக்கும். ஓட்டமும் நடையும் பற்றிய பதிலில் சொன்ன மிச்ச நேரம்தான் உங்கள் கைக்காசு. ஒன்றோ இரண்டோ முன்பே தெரிவுசெய்து வையுங்கள். கோட்டைக்கு முன்னால் ஓடிக்கொண்டே எடுக்கிற படம் எனக்கு எல்லாவற்றையும் விட அழகாகத் தெரிகிறது, அதற்கு வரிசையும் இல்லை.

முழங்கால் நோகுது. புறப்படக்குள்ள ஒரு நோக்குளிச போட்டா?

போடவேண்டாம். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும். அதைவிட, வலி தெரியாமல் ஓடினால் சின்னக் காயம் பெரிதாகும். நடை மாறும் அளவுக்கு, நொண்டும் அளவுக்கு வலி இருந்தால் அன்று நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உளைவது களைப்பு. ஒரு பக்கம் மட்டும், ஒரு விரல் வைக்கிற இடத்தில் குத்துவது காயம்.

போன கிழம காய்ச்சல். அம்மாவுக்குச் சீனி வருத்தம். ரெண்டு பேரும் வரலாமா?

மாரிக்காலத்தில் நம்மூரில் டெங்கு பரவும் காலமும் கூட. காய்ச்சல் விட்டு இரண்டு கிழமை ஆகாமல், வைத்தியரிடம் கேட்காமல் நீண்ட தூரம் ஓடவேண்டாம். வைரஸ் காய்ச்சல் சில வேளை இதயத் தசையையும் பாதிக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. கட்டிய பணம் திரும்பாது என்பதற்காக ஓடாதீர்கள்.

அம்மாவுக்கு: இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு மூன்று மணிநேரம் நடந்தால் சீனி சட்டென்று இறங்கலாம். மருந்தின் அளவை அன்றைக்கு எப்படி மாற்றுவது என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கொப்புளமும் தெரியாது. அப்படியென்றால் அம்மாவுக்கு வியாழக்கிழமை 5 கிலோமீற்றரே ஏற்றது. நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்று இவற்றில் எது வந்தாலும், யாருக்கு வந்தாலும், உடனே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

எனக்கு ஏலாட்டி என்ட நம்பரைத் தம்பி போட்டு ஓடலாமா?

முடியாது. இலக்கத்தைப் பதிந்தவர் நேரில், படமுள்ள அடையாள அட்டையோடு வந்துதான் எடுக்கவேண்டும். பெயர் மாற்றவும் விடமாட்டார்கள். மறைத்து ஓடினால் இன்னொரு பிரச்சினை: தம்பி மயங்கி விழுந்தால், அந்த இலக்கத்தை வைத்து வைத்தியர்கள் உங்கள் விபரத்தைத்தான் பார்ப்பார்கள்.

பலூன் பிடிச்சுக் கொண்டு வாறவங்க பிந்தி வந்து பிடிச்சா என்ன நடக்கும்?

கடைசித் தொகுதியின் பின்னால் பலூன் கட்டிக்கொண்டு சரியாக 16 நிமிட வேகத்தில் சிலர் வருவார்கள். அவர்கள் உங்களைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடமாட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் தங்குகிறவர்களைக் குறிப்பிட்ட சில இடங்களில் பஸ்ஸில் ஏற்றி முடிவிடத்துக்குக் கொண்டு போவார்கள். பாதையைத் திறக்கவேண்டும், பூங்காவும் திறக்கவேண்டும், அதனால்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஊரில் என்ன சொல்வார்கள் என்று நினைத்து, பலூனைக் கண்டதும் முழு வேகத்தில் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்குள் கால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக ஓட்டத்தின் பங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள்: இரண்டு நிமிட நடையை ஒன்றரை ஆக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் பஸ்ஸில் ஏறுங்கள். பயிற்சியில்லாமல் 14 கிலோமீற்றர் போன உடம்பு அது, அதற்கு நன்றி சொல்லி உட்காருங்கள்.

முடிச்சுப் போட்டு அண்டைக்கே பிள்ளையளோட பார்க்குக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் முதலில் உப்புச் சேர்ந்த சாப்பாடு, குளிப்பு, இரண்டு மணிநேர நித்திரை. பூங்காவில் ஒரு நாள் சுற்றினாலே 10 கிலோமீற்றருக்கு மேல் நடப்பு வரும். அகலமான செருப்பு போடுங்கள். அடுத்த நாளே கொழும்புக்கு விமானம் என்றால் ஓரத்து இருக்கை கேளுங்கள். மணிக்கு ஒரு தரம் எழும்பி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். களைத்த கால் அசையாமல் நீண்ட நேரம் இருந்தால் இரத்தம் கட்டிப்படலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் வீடு வரும்வரை பொறுக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அண்ணா, ஞாயிற்றுக்கிழம முழு மரதனுக்கும் பதிஞ்சு வெச்சிருக்கன். சனி அரை, ஞாயிறு முழு. செய்யேலுமா?

இதற்குக் கூஃபி சவால் என்று பெயர். பல மாதம் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்களுக்கு உரியது. நீங்கள் மூன்று கிழமை கேள்வியைக் கேட்டு வந்தவர் என்றால், இரண்டில் ஒன்றை விடவேண்டும், விடவேண்டியது முழு மரதன்தான். சனிக்கிழமை முடித்துவிட்டு, ஞாயிறு காலை பாதையோரத்தில் நின்று மற்றவர்களுக்குக் கைதட்டுங்கள்.